மேல்வாயில் மறந்த சாக்கு

மேலகரத்தைத் தாண்டிக் குற்றாலம் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். தென்காசி எனக்குப் பின்னால் இருந்தது. முன்னால் மலை இருக்கவேண்டிய இடத்தில் மேகம் இருந்தது. அந்த மேகத்துக்குள் ஒரு வெள்ளைக் கோடு தெரிவதும் மறைவதுமாக இருந்தது, அதுதான் அருவி. சாலையின் இரண்டு பக்கமும் புதிதாக நட்ட வயல்கள். சாரல் காலத்தில் அந்தச் சாலையில் போகிறவனுக்கு, தான்தான் நடக்கிறோமா அல்லது நிற்கிற தன்னைத் தாண்டி வயல்கள் பின்னால் போகின்றனவா என்று ஒரு மயக்கம் வரும். எனக்கு அன்று அந்த மயக்கம் பிடித்திருந்தது. தோளில் மூங்கில் கழிகளின் கட்டு. கட்டுக்குள் பனந்தும்பில் செய்த தூரிகை. வேலை முடிந்துவிட்டது என்ற நினைப்பு.

சாரல் கொஞ்சம் கனத்தது. அந்த ஊர்ச் சாரல் மழை மாதிரி விழாது, காற்றில் நின்றபடியே ஆளை நனைக்கும். கொங்காணி போட்டுக்கொள்ளலாம் என்று கட்டுக்குள் கையை விட்டேன். சாக்கின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் திணித்தால் தலைக்கும் முதுகுக்கும் மூடியாகிவிடும், அதைத்தான் கொங்காணி என்பார்கள். என்னிடம் இரண்டு சாக்குகள் உண்டு. ஒன்று கரி அள்ளுவதற்கு, இன்னொன்று சுத்தமானது. கைக்குக் கரிச் சாக்குதான் வந்தது. மறுபடியும் துழாவினேன். சாலையோரம் கட்டை இறக்கி அவிழ்த்துப் பார்த்தேன்.

சுத்தமான சாக்கு இல்லை. அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். 

இப்போது இந்தத் தொழிலுக்கு வந்திருக்கும் உங்களுக்கு இந்த இடத்தில் கொஞ்சம் விளக்கிச் சொல்லவேண்டும். நீங்கள் குளிர்சாதனக் குழாய்களைச் சுத்தம் செய்கிறீர்கள். உள்ளே கேமரா போகிறது, தூசியை உறிஞ்ச எந்திரம் இருக்கிறது. ஐம்பதுகளின் கடைசியிலும் அறுபதுகளிலும் தென்காசியின் பழைய மாடி வீடுகளிலும் குற்றாலத்துச் சீசன் பங்களாக்களிலும் எங்களுக்கு வாய்த்தவை செங்கல் கூண்டுகள். அடுப்படிப் புகை போக ஒன்று, சன்னல் இல்லாத நடு அறைக்குக் காற்று போய்வர ஒன்று. சுவருக்குள்ளேயே ஒரு முழ அகலத்தில் மேலே ஏறி, ஓட்டைத் தாண்டி, நாலு பக்கமும் திறந்த சின்னத் தலையோடு முடியும். அறைக்குள் இருக்கும் திறப்பு கீழ்வாய், ஓட்டுக்கு மேலே இருப்பது மேல்வாய். எப்படித் துடைப்பது, எப்படி அள்ளுவது என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அது இனி யாருக்கும் உதவாது. அந்த ஒரு சாக்கைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

வேறு ஊர்களில் மேல்வாயை யாரும் அடைப்பதில்லை. தென்காசிப் பக்கம் சாரல் மாதங்களில் அடைத்தே ஆகவேண்டும். மேற்கிலிருந்து வரும் ஈரக்காற்று கூண்டின் தலைக்குள் புகுந்து இறங்கும். உள்ளே இருக்கும் கரி நனைந்தால் குழம்பாகிச் சுவரில் அப்பிக்கொள்ளும், பிறகு எந்தத் தும்புக்கும் அசையாது. அதனால் முதலில் கூரை ஏறி மேல்வாயில் ஒரு சாக்கைத் திணித்துவிட்டு, கீழே வந்து உலர்வாகத் துடைப்போம். முடிந்ததும் மறுபடி ஏறிச் சாக்கை எடுப்போம். கடைசியாகக் கீழ்வாயில் ஒரு விளக்கைப் பிடிப்போம். சுடர் உள்பக்கமாகச் சாய்ந்தால் காற்று ஏறுகிறது, நேராக நின்றால் ஏறவில்லை. எங்களுடைய கேமரா அவ்வளவுதான்.

நான் இதைப் படித்து வந்தவன் இல்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவன். செங்கோட்டை ரயிலில் ஏறிப் போனதில் புனலூர், அதற்குப் பிறகு மலைமேல் ஒரு தேயிலைத் தோட்டம், அப்புறம் கொல்லத்தில் ஒரு ரொட்டிக் கடை என்று எங்கெல்லாமோ இருந்தேன். தேயிலைத் தொழிற்சாலையில் உலைக்கூண்டுக்குள் இறக்கிவிட ஒல்லியான ஆள் தேவைப்பட்டது. சாப்பாடு சரியாக இல்லாததால் நான் ஒல்லியாகத்தான் இருந்தேன். தொழில் அப்படி வந்தது.

அந்தத் தோட்டத்தில் இன்னொன்றையும் பார்த்தேன். மழைக்காலத்தில் லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளில் ஓர் அறையில் இரண்டு பேர் கனல் போட்ட கரிச்சட்டியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தார்கள். காலையில் எழுந்திருக்கவில்லை. அவர்கள் முகத்தில் வேதனை எதுவும் இல்லை. நல்ல கனவு ஒன்று பாதியில் இருப்பதுபோல் இருந்தார்கள். கரி எரியும்போது வருகிற கெட்ட காற்றுக்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. அது தூக்கத்தைப் போலத்தான் வரும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

இனி அன்றைய காலைக்கு வருகிறேன். நான் வேலை பார்த்தது தென்காசியில் ஒரு மொத்தப் பலசரக்கு வியாபாரியின் வீட்டில். எல்லோரும் அவரை முதலாளி என்றுதான் சொல்வார்கள். அவர் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். அந்த வீட்டில் பிரசவம் எப்போதும் நடு அறையில். சன்னல் இல்லாத அறை. ஒரு கதவு, ஒரு கூண்டு. பிள்ளை பிறந்ததும் கதவைச் சாத்திவிட்டு, சட்டியில் கரிக்கனல் போட்டு, சாம்பிராணி தூவி, தாயையும் பிள்ளையையும் சாரல் குளிர் அண்டாமல் வைத்துக்கொள்வது அவர்கள் வழக்கம். கூண்டு சரியாக இருக்கும்வரை அதில் ஒரு கெடுதலும் இல்லை. அதற்காகத்தான் பிரசவத்துக்கு முன்னால் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். வேலை பிடித்திருந்தால் மறுநாளிலிருந்து குற்றாலத்தில் அவருடைய பங்களாவில் சீசன் முடியும்வரை வேலை என்றும் முதலாளி சொல்லியிருந்தார். ஒரு பங்களாவில் நல்ல பேர் வாங்கினால் பக்கத்துப் பங்களாக்களிலும் கூப்பிடுவார்கள். ஒரே ஊரில் இரண்டு மாதம் தங்குவது அதுவரை எனக்கு வாய்த்ததில்லை.

துடைத்து, கரியை அள்ளி, கரிச் சாக்கைச் சுருட்டிய நேரத்தில் அந்தப் பெண்ணுக்கு வலி எடுத்தது. அவர்கள் எதிர்பார்த்ததற்கு நாலு நாள் முன்னால். பாயோடும் வெந்நீரோடும் பெண்கள் உள்ளே வந்துவிட்டார்கள். நீ இன்னும் இங்கே நிற்கிறாயா என்று யாரோ சத்தம் போட்டார்கள். நான் சாமான்களைப் பொறுக்கிக்கொண்டு பின்வாசலுக்கு ஓடினேன். அங்கே மருத்துவச்சி உள்ளே வந்துகொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும். நனைந்த சேலை, கையில் ஒரு துணிப்பை. அத்தனை அவசரத்திலும் என் முன்னால் நின்று கேட்டாள்.

"ஏலே, காத்து ஏறுதா? விளக்கு வச்சுப் பாத்தியா?"

"பாத்தேங்க்கா. நல்லா ஏறுது."

பல வீடுகளில் உண்மையாகவே பார்த்துவிட்டுச் சொன்ன சொல் அது. அன்றைக்கும் வாயில் தயாராக இருந்தது, தானாக வெளியே வந்தது. இல்லை என்றால் அந்தப் பெண்கள் நடுவில் திரும்ப உள்ளே போகவேண்டும். அதைவிட இது சுலபமாக இருந்தது. மேலே ஏறவேண்டும் என்ற நினைப்பும் அந்தச் சொல்லோடு போய்விட்டது. பார்த்தேன் என்று சொன்னவனுக்கு எல்லாவற்றையும் முடித்துவிட்டதாகவே தோன்றிவிடும். இதை நீங்கள் எங்கேயாவது குறித்துவைத்துக்கொள்ளுங்கள். பொய் மற்றவனை ஏமாற்ற நேரமாகும். சொன்னவனை உடனே ஏமாற்றிவிடும்.

அவள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள். நான் சந்தைப் பக்கம் சாப்பிட்டுவிட்டு, ஒரு மூடிய கடையின் முன்னால் படுத்துத் தூங்கி எழுந்து, குற்றாலத்தைப் பார்த்து நடந்தேன்.

இப்போது சாலையோரத்தில் கழிகளைக் கால்வாய்க் கரையில் ஒரு மருத மரத்தடியில் போட்டேன். கொக்கி வைத்த கழி ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு வந்த வழியே ஓடினேன். ஒரு பஸ் வந்தது. கையைக் காட்டினேன். கரி பூசிய ஆளுக்காகச் சாரலில் யார் நிறுத்துவார்கள்? அது போய்விட்டது. ஓடும்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். தலைப்பிரசவம், இருட்டும்வரை ஆகும், இன்னும் பிறந்திருக்காது. பிறந்தாலும் உடனே கதவைச் சாத்தமாட்டார்கள். சாத்தினாலும் கரி பிடிக்க நேரமாகும். ஒவ்வொன்றும் நம்பும்படிதான் இருந்தது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் பின்னால் லயத்து அறையில் பார்த்த அந்த இரண்டு முகங்கள் கண்ணை மூடிக்கொண்டு வந்தன. அதே வயல்கள்தான். இப்போது அவை அசையவே இல்லை. நான் எவ்வளவு ஓடியும் அதே வயலின் ஓரத்திலேயே இருப்பதுபோல் இருந்தது.

ஊருக்குள் நுழைந்தபோது விளக்கு வைக்கிற நேரம். முதலாளி வீட்டு முன்கூடத்தில் நாலைந்து பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் சாய்வு நாற்காலியில் இருந்தார். பக்கத்து முக்காலியில் ஒரு தட்டு நிறையக் கற்கண்டு. பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"ஏலே, நீ இன்னும் குத்தாலம் போகலியா? சரி, வந்தது வந்துட்ட. இந்தா, வாயில போடு. பேத்தி பொறந்திருக்கா" என்றார். ஒரு துண்டு எடுத்து என் கையில் வைத்தார்.

கரிச்சட்டி வைத்தாயிற்றா என்று கேட்டேன். எப்போதோ வைத்தாயிற்று, அது பெண்கள் சோலி, உனக்கென்ன என்றார். பக்கத்தில் இருந்த ஒருவர், இவன் மூஞ்சியைப் பார்த்தால் இவனே கூண்டு வழியாக இறங்கி வந்தவன் மாதிரி இருக்கிறான் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார். நல்ல மனதோடுதான் சிரித்தார்.

அப்போது சொல்லியிருக்கவேண்டும். கதவைத் திறக்கச் சொல்லுங்கள், நான் மேல்வாயை அடைத்துவைத்துவிட்டுப் போய்விட்டேன். இவ்வளவுதான். ஒரு மூச்சில் சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் அவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என் கையில் கற்கண்டு இருந்தது. குற்றாலத்துப் பங்களாவின் வெள்ளைச் சுவர் என் கண்ணுக்குள் இருந்தது. மேலே போய்ச் சாக்கை உருவிவிட்டால் யாருக்கும் தெரியாமல் எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றியது.

"மேல ஒரு சாமான விட்டுட்டேன் மொதலாளி. எடுத்துக்கிடுதேன்" என்றேன்.

அவர் கையசைத்தார். கற்கண்டை மடியில் செருகிக்கொண்டு நகர்ந்தேன்.

இருபது வருடம் வேலை பார்த்து, அதை விட்டும் பல வருடம் ஆன பிறகு இதை எழுதுகிறேன். அந்த நாளில் நான் செய்த பிழைகளில் பெரியது எது என்று கேட்டால், சாக்கை மறந்ததைச் சொல்லமாட்டேன். மறதி யாருக்கும் வரும். காலையில் சொன்ன பொய்யைக்கூட இரண்டாவதாகத்தான் வைப்பேன். முன்கூடத்தில் கற்கண்டோடு நின்று, அறைக் கதவுக்குப் பத்தடி தூரத்தில் இருந்தபோது, கதவை விட்டுவிட்டுக் கூரைக்குப் போனேனே, அதுதான் பெரியது. ஆபத்து வரும்போது உங்களுக்கும் இரண்டு வழி தெரியும். ஒன்று ஆட்களைக் காப்பாற்றும் வழி. இன்னொன்று ஆட்களையும் காப்பாற்றி நம்மையும் காப்பாற்றும் வழி. இரண்டாவது எப்போதும் கொஞ்சம் நீளமாக இருக்கும்.

பின்படி வழியாக மாடி ஏறி, அங்கிருந்து ஓட்டின்மேல் போனேன். ஓடுகள் பாசி பிடித்து வழுக்கின. கூண்டின் தலையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கையை உள்ளே விட்டேன். சாக்கு பகல் முழுக்க நனைந்து, ஊறிப் பெருத்து, வாயைக் கவ்விக்கொண்டு இருந்தது. இழுத்தால் வரவில்லை. கொக்கியைக் குத்தி, ஒரு காலைக் கூண்டில் உதைத்து இழுத்தேன். செத்த ஆட்டுக்குட்டி மாதிரி கனமாக வெளியே வந்து ஓட்டின்மேல் விழுந்தது.

அப்பாடா என்று முகத்தை மேல்வாயில் வைத்தேன். இளஞ்சூடான காற்று வரவேண்டும். சாம்பிராணி வாசம் வரவேண்டும். ஒன்றும் வரவில்லை. என் காதோரமாகக் குளிர்காற்று உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. நாள் முழுக்க அடைபட்டு, நனைந்து, குளிர்ந்துபோன கூண்டு உடனே காற்றை ஏற்றாது. சூடு பிடிக்க வேண்டும். அதற்கு எவ்வளவு நேரமாகும் என்று யாரும் சொல்லமுடியாது.

வாசம் வரவில்லை, ஆனால் குரல் வந்தது. கூண்டு வழியாக வரும் குரலுக்கு ஆள் கிடையாது. யாரோ தூக்கத்தில் நினைத்துக்கொள்கிற சொற்கள் காதில் விழுவதுபோல் இருக்கும். சுற்றிலும் சாரல். ஊரின் விளக்குகள் எல்லாம் பஞ்சுக்குள் வைத்ததுபோல் மங்கி இருந்தன. அந்த அமைதிக்குள் அந்தப் பெண் பேசினாள். மெல்ல, சந்தோஷமாகப் பேசினாள்.

"சித்தி, அருவிச் சத்தம் கேக்கு."

"சீசன்லா. கேக்கத்தான் செய்யும். நீ கண்ண மூடு" என்றாள் இன்னொருத்தி. அவள் சித்தியாக இருக்கவேண்டும்.

"கிட்டக்க கேக்கு சித்தி. வீட்டுக்குள்ள விழுத மாதிரி இருக்கு."

நான் தலையைத் தூக்கிக் கேட்டேன். கூரையின்மேல், திறந்த வெளியில், காற்று வருகிற திசையில் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. தென்காசிக்கும் அருவிக்கும் நடுவே ஒரு மணி நேர நடை இருக்கிறது. சன்னல் இல்லாத அறைக்குள் படுத்திருக்கிறவளுக்கு அது எப்படிக் கேட்கும்? அந்தச் சத்தம் அவள் காதுக்குள்ளேயே விழுந்துகொண்டிருந்தது.

பங்களாவும் இல்லை, பேரும் இல்லை, ஒன்றும் மிச்சமில்லை. வாயைக் கூண்டுக்குள் வைத்து, இருந்த குரலையெல்லாம் கூட்டிக் கத்தினேன்.

"கதவத் தொறங்க. காத்து அடைச்சுக் கெடக்கு. பிள்ளையத் தூக்கிட்டு வெளிய போங்க."

கீழே ஒரு செம்பு உருண்டது. சுவருக்குள்ளேயிருந்து யாரோ பேசுகிறான் என்று சித்தி அலறுவது கேட்டது. தாழ்ப்பாள் விழுந்தது. பிள்ளையை வாரிக்கொண்டு அவள் ஓடியிருக்கவேண்டும், ஏனென்றால் அடுத்த குரல் கூடத்திலிருந்து வந்தது. அறைக்குள் இரண்டே பேர்தான் மிச்சம். பிள்ளை பெற்றவளும் மருத்துவச்சியும். கீழ்வாய்க்கு நேராக, என் முகத்துக்கு நேராக, மருத்துவச்சியின் குரல் ஏறி வந்தது. அதில் பயம் இல்லை.

"யாருலே அது?"

"காலைல கூண்டு தொடச்சவன்."

"விளக்கு வச்சுப் பாத்தேன்னு சொன்னியேலே."

கூண்டு நேராக ஒரு கிணறு மாதிரி எங்கள் நடுவில் இருந்தது.

"பாக்கல" என்றேன்.

 கரிச்சட்டி தரையில் இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு ஆளைத் தாங்கி நடத்திப்போகும் சத்தம், ஒரு காலை நேராக வைத்து மறு காலை இழுத்து வைக்கும் சத்தம். பிறகு ஒன்றும் இல்லை.

நான் காத்திருந்தது பிள்ளையின் அழுகைக்காக. பிள்ளை பிறந்த வீட்டில் பிள்ளை அழுவதைக் கேட்டு எரிச்சல்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நான் அன்று அந்த ஈர ஓட்டின்மேல் குப்புறப் படுத்து, அந்த ஒரு சத்தத்துக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். கூடத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள். அந்த நிறுத்தம் எவ்வளவு நேரம் இருந்தது என்று தெரியாது. அதற்குள் நான் எத்தனையோ ஊர்களுக்குப் போய்வந்துவிட்டேன். கொல்லத்து ரொட்டிக் கடையின் வெப்பம் முகத்தில் அடித்தது. தேயிலைத் தோட்டத்து மூடுபனிக்குள் யாரோ என் பேரைக் கூப்பிட்டார்கள். அந்தக் குரல்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் பிள்ளையின் அழுகையாக மாறியது. முதலில் ஒரு முனகல், பிறகு ஒரு இருமல், பிறகு நன்றாக, கோபமாக, விடாமல்.

சற்று நேரத்தில் கதவு திறந்திருந்த அறையிலிருந்து கூண்டு மெல்ல மூச்சு விட்டது. இளஞ்சூடாக, சாம்பிராணி வாசத்தோடு என் முகத்தில் பட்டது.

சாக்கை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தேன். முற்றத்தை ஒட்டிய நடையில் பாய் போட்டு அந்தப் பெண்ணைப் படுக்கவைத்திருந்தார்கள். தலை வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டு தண்ணீர் குடித்தாள். குடிக்கிறாள் என்பதே போதுமாக இருந்தது. சித்தி முன்கூடத்தில் நின்று சுவருக்குள் ஏதோ இருக்கிறது, முனியோ என்னவோ, ஆம்பளைக் குரல், தான் காதாரக் கேட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். முதலாளியின் முகம் வெளுத்திருந்தது. விடிந்ததும் கொத்தனாரை வரச்சொல்லி அந்த ஓட்டையைச் செங்கல் வைத்து அடைத்துவிடுவோம் என்றார். மற்றவர்களும் அதுதான் சரி என்றார்கள்.

மருத்துவச்சி நடையின் ஓரத்தில் கை கழுவிக்கொண்டிருந்தாள். எல்லாம் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கையைக் கழுவினாள். 

நானும் சொல்லாமல் போயிருந்தால் எல்லாம் முனி பேரில் போயிருக்கும். எனக்குப் பங்களாவும் கிடைத்திருக்கும். ஆனால் பத்து நாள் அந்தப் பெண் படுத்திருக்கவேண்டிய அறை அது. அதற்கு இருந்தது அந்த ஒரே மூச்சு. அதை அடைத்துவிட்டு மறுபடியும் கரி போடுவார்கள்.

"முனி இல்ல மொதலாளி. நான்தான் கத்துனேன்" என்றேன். சாக்கைத் திணித்தது, எடுக்காமல் போனது, விளக்கு வைத்துப் பார்க்காமலே பார்த்தேன் என்று சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். எதற்கும் காரணம் சொல்லவில்லை. வந்ததும் ஏன் சொல்லவில்லை என்று அவர் கேட்பார் என்று பயந்தேன். அவர் அதைத்தான் யோசிக்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது. பேசும்போதே மடியிலிருந்து கற்கண்டை எடுத்து மூடிக்கொண்ட என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கையில என்னலே?"

விரித்துக் காட்டினேன். கற்கண்டு பாதி கரைந்து கரியோடு ஒட்டிக் கிடந்தது.

"அத அங்கன வச்சுட்டுப் போ" என்றார். "இனி பங்களாப் பக்கம் ஒன்னப் பாக்கப்படாது."

அடித்திருந்தால் மறந்திருப்பேன். வாசற்படியின் ஓரத்தில் அதை வைத்துவிட்டுப் போனேன். போகும்போது பின்னால் மருத்துவச்சி முதலாளியிடம் பேசுவது காதில் விழுந்தது. கூண்டை அடைத்தால் நாளைக்கு நான் வரமாட்டேன், பத்து நாளும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள்.  அந்தக் கூண்டு அடைபடவில்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

ரயில் நிலையத்தில் படுத்தேன். விடியும் முன்னால் மேலகரம் தாண்டி நடந்து கழிகளை எடுத்துக்கொண்டு வந்தேன். கழிகளை எடுக்கும்போது வெளிச்சம் வந்திருந்தது, அன்றைக்கு மலை முழுசாகத் தெரிந்தது. அருவி மூன்று தாரையாக விழுவதை அத்தனை தூரத்திலிருந்தும் பார்க்கமுடிந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. நின்று கேட்டுப் பார்த்தேன், வரவில்லை. செங்கோட்டைக்குப் போய் மேற்கே ரயில் ஏறிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். ஒரு ஊரில் காரியம் கெட்டுப்போனால் அடுத்த ஊருக்கு டிக்கெட் வாங்குவது எனக்குப் பழக்கம். இல்லாவிட்டால் டிக்கெட் இல்லாமல் போவது.

ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை. அங்கே நின்று குடித்துக்கொண்டிருந்தபோது மருத்துவச்சி வந்தாள். ராத்திரி முழுக்க அந்த வீட்டில் இருந்துவிட்டு இப்போதுதான் வீட்டுக்குப் போகிறாள் என்பது கண்ணில் தெரிந்தது. தாயும் பிள்ளையும் எப்படி என்று கேட்டேன். பிள்ளை பால் குடிக்கிறது, தாய்க்கு இட்லி கேட்கிறது என்றாள். கடைக்காரரிடம் ஒரு டீ சொல்லிவிட்டு என் கழிகளைப் பார்த்தாள்.

"எங்க கெளம்பிட்ட?"

"செங்கோட்டைக்கு."

"அங்கன என்ன இருக்கு?"

"ரயில் இருக்கு" என்றேன்.

அவள் சிரித்தாள். டீயை ஆற்றிக் குடித்து முடித்தாள். பிறகு, தன் வீட்டு அடுப்படிக் கூண்டு மூன்று வருடமாக அடைத்துக் கிடக்கிறது, பக்கத்து அறையில் பிள்ளை பெற வருகிறவர்கள் வந்து தங்குகிறார்கள், புகையில் இருமுகிறார்கள், வந்து பார்க்கிறாயா என்று கேட்டாள்.

நான் டம்ளரைக் கீழே வைத்தேன். நேற்று நடந்ததற்குப் பிறகு என்னையா என்றேன்.

"வேற எவனக் கூப்பிட்டாலும் பாத்தேன்னுதான் சொல்லுவான்" என்றாள். "வா, வெயில் வருமுன்ன ஏறு."

தண்டவாளத்தைத் தாண்டி, இரண்டு தெரு தள்ளி அவள் வீடு. தாழ்ந்த ஓட்டு வீடு. அடுப்படிச் சுவர் பளபளவென்று கறுத்திருந்தது. ஏறும்போது வெயில் வரவில்லை, மறுபடியும் சாரல்தான் வந்தது. மேல்வாயில் சாக்கைத் திணித்தேன். கீழே வந்து துடைத்தேன். மூன்று வருடத்துக் கரி வந்தது, குருவிக்கூட்டின் வைக்கோல் வந்தது. முடித்துவிட்டு மேலே ஏறிச் சாக்கை உருவி, இறங்கி வந்து, அதை அவள் கண்ணில் படும்படி அடுப்படி வாசலில் விரித்துப் போட்டேன். கண்ணாடிச் சிம்னி இல்லாத சின்ன விளக்கு ஒன்று இருந்தது. அதைப் பற்றவைத்து அவள் கையில் கொடுத்தேன்.

"நீங்க பிடிங்க" என்றேன்.

அவள் விளக்கைக் கீழ்வாயில் பிடித்தாள். சுடர் நேராக நின்றது. அவள் என்னைப் பார்க்கவில்லை, நானும் அவளைப் பார்க்கவில்லை. இரண்டு பேரும் சுடரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரம் கழித்து, உள்ளேயிருந்து யாரோ மெல்லக் கூப்பிட்டதுபோல், அது கூண்டுக்குள் சாய்ந்தது. சாய்ந்தபடியே நின்றது.

அவள் விளக்கை அணைக்கவில்லை. ஒரு சுள்ளியை அந்தச் சுடரில் பற்றவைத்து, குனிந்து, அடுப்பை மூட்டினாள்.